ஒரு சாண் இடைவெளி

கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றியபோது அதன் பின்னால் இரண்டு பல்லி முட்டைகள் ஒட்டியிருந்தன. ஒன்று உடைந்து வெறும் ஓடாக இருந்தது. இன்னொன்றைத் தொடாமல் ரெமிஜியஸ் படத்தை மட்டும் இறக்கினார். படம் இருந்த இடம் சதுரமாக, பழைய நீலத்தில் தெரிந்தது. படத்தை மாட்டியபின் வீட்டுக்கு மூன்று முறை வெள்ளையடித்தாயிற்று. மூன்று முறையும் படத்தைச் சுற்றித்தான் அடித்திருக்கிறார்கள்.

விண்ணரசி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார்.

“இதையா கேக்குறாங்க?”

“இதைத்தான்.”

“இதுல என்ன இருக்கு? நீங்க கோட்டைப் போட்டுக்கிட்டு ரப்பர் செருப்போட நிக்கிறீங்க.”

அது உண்மை. கோட்டு இரவல். ஷூவும் இரவலாகக் கிடைத்தது. ஆனால் இடது கால் பெருவிரலில் கட்டு இருந்ததால் ஷூ நுழையவில்லை. படத்தில் எல்லாரும் முதலில் பார்ப்பது அந்தக் கட்டைத்தான். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் விண்ணரசி, இருபது வயது, கேமராவைப் பார்க்காமல் அதற்குச் சற்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இருவர் தலைக்கும் மேலே மஞ்சள் பலகையில் பெரிய எழுத்தில் ஆலங்கரை என்று எழுதியிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை அடி என்பதும் அதன் கீழே இருக்கிறது. ஆலங்கரை என்று ஓர் ஊர் கிடையாது. அது சினிமாக்காரர்கள் எழுதியது.

அந்தச் சினிமாவின் பெயரை அவர்கள் ஊரான சூசையப்பர்பேட்டையில் யாரும் சொல்வதில்லை. ஸ்டேஷன் படம் என்றால் போதும். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், அவருடைய மகள், அவள் தினமும் எதிர்பார்க்கும் ஒரு வண்டி. வெளியானபோது கும்பகோணத்தில் பன்னிரண்டு நாள் ஓடியது. பிறகு டிவியில் வந்தது. பிறகு போனில் வந்தது. இப்போது அதைப் பார்த்து அழாதவர்கள் கிடையாது என்கிறார்கள். தஞ்சாவூரில் பழைய அரிசி ஆலை ஒன்றை அருங்காட்சியகமாக மாற்றியவர்கள், அதன் பெரிய கிடங்கில் அந்த ஸ்டேஷனை அப்படியே திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான்கு சுவரிலும் வயல் ஓடும், காற்று அடிக்கும், ஈர மண் வாசனை வரும், பார்க்க வருகிறவர்கள் படத்துக்குள்ளேயே நடக்கலாம் என்று ஃபெபி போனில் சொன்னாள். ஃபெபி அந்த வேலையைக் கவனிக்கும் பெண். தரங்கம்பாடிக்காரி. ரெமிஜியஸின் மகள் ரோஸ்லின் பெற்றோரின் கல்யாண நாளுக்கு இந்தக் கல்யாணப் படத்தை முகநூலில் போட்டிருந்தாள். ஃபெபி அதைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டாள்.

“அங்கிள், அந்த செட்டுல உங்களுக்குக் கல்யாணமா? ஷூட்டிங்குக்கா?”

“இல்லம்மா. நெஜமாவே.”

“செட்டுலயா?”

“அப்ப அதுதான் எங்களுக்குக் கோயில்.”

பிறகு, நீங்களும் ஆன்ட்டியும் திறப்பு விழாவுக்கு முன்னால் ஒருமுறை வந்து பார்த்து, எது சரி எது தப்பு என்று சொல்ல வேண்டும் என்றாள்.

எழுபத்தேழு நவம்பர் புயலில் சூசையப்பர் கோயிலின் ஓடு முழுக்கப் போய்விட்டது. உத்தரங்கள் வாய்க்காலில் கிடந்தன. மரத்தடியில் பூசை நடந்தது. மறு வருடம் சம்பா அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் சினிமாக்காரர்கள் வந்தார்கள். திருவிடைமருதூரிலிருந்து நாலு மைல் தள்ளி, கண்ணுக்கு எட்டிய வரை தென்னையோ வீடோ குறுக்கிடாத வயல் அவர்களுக்கு வேண்டும். அது கோயில் நிலம். பங்குச் சாமியார் ஜெக்கரியா வாடகை கேட்கவில்லை. போகும்போது செட்டை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். பலகையும் சாக்கும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய ஒரு ஸ்டேஷன். நாற்பது அடித் தண்டவாளம். அது முடிகிற இடத்தில் சேறு.

பாஸ்கா திருநாள் முடிந்து முதல் ஞாயிறு அங்கே பூசை நடந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் பீடம். பயணிகள் உட்காரும் நீளப் பெஞ்சு நன்மை அப்பம் வாங்க மண்டியிடும் கிராதி ஆயிற்று. எடை பார்க்கும் மெஷின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்த வருடத்துக் குழந்தைகளை ஊரில் இன்றும் எடை போட்ட பிள்ளைகள் என்றுதான் சொல்வார்கள். கடிகாரத்தில் முட்கள் காகிதத்தில் வரைந்தவை, எப்போதும் நாலு இருபது. பிந்தி வருகிறவர்கள் அதைக் காட்டி, இப்பதானே சாமி நாலு இருபது என்பார்கள். மணிக்குப் பதில் தண்டவாளத் துண்டு. டிக்கெட் கவுன்ட்டர்தான் பாவசங்கீர்த்தனத் தொட்டி. சாமியார் உள்ளே டிக்கெட் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். பாவம் சொல்ல வருகிற பெண்கள் வெளியே பிளாட்பாரத்தில் மண்டியிட்டு, அரைவட்ட ஓட்டைக்கு வாயைக் கொடுத்துச் சொல்வார்கள்.

அப்போது ரெமிஜியஸுக்கு இருபத்தைந்து வயது. மின்வாரியத்தில் தற்காலிக வேலை. உபதேசியாரின் மகன் என்பதால் கோயிலில் எது சாய்ந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சனிக்கிழமை டிக்கெட் அறையை ஒட்டிய முன்சுவர் காற்றில் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. பின்னால் போய்ச் சவுக்குக் கழியை நட்டு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தான். நாலு நாளைக்கு முன் கடப்பாரை விழுந்த விரலில் மஞ்சள் ஊறிய துணிக்கட்டு. அவனுக்கும் டிக்கெட் அறைக்கும் நடுவில் சாக்குத் தடுப்பு ஒன்றுதான். ஆறு மணிக்குத்தான் பாவசங்கீர்த்தனம். சாமியார் அன்று ஐந்துக்கே வந்துவிட்டார். ஸ்டூல் கிரீச்சிடுவது கேட்டது. வெளியே போக அவன் திரும்புவதற்குள் முதல் ஆள் மண்டியிட்டாயிற்று. இப்போது நகர்ந்தால் சத்தம் கேட்கும் என்று சுத்தியலைப் பிடித்தபடி நின்றான்.

“சாமி, வர்ற புதன்கெழமை எனக்குக் கல்யாணம்.”

குரல் யாருடையது என்று அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமை வேறு கல்யாணம் இல்லை.

“எனக்கு அதுல மனசு இல்ல சாமி.”

அதை அவள் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை.

“வீட்டுல கட்டாயப்படுத்துறாங்களா?”

“கேட்டாங்க. நான்தான் வாயைத் தொறக்கல.”

சாமியார் இருமினார். பிறகு, “வேற யாரையாச்சும் நெனச்சிருக்கியா?” என்றார்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் ரெமிஜியஸ் சுத்தியலைக் கீழே வைத்தான். பின்பக்கம் திறந்த வயல். அறுத்த தாள் காலில் குத்த நடந்தான். வாய்க்கால் மதகு வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மூன்றாம் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசிப்பார்கள். இவர்களுக்குள் விக்கினம் ஏதும் இருப்பதை அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடியும். பெண்ணுக்குச் சம்மதமில்லை என்பதைவிடப் பெரிய விக்கினம் கிடையாது. பாவசங்கீர்த்தனத்தில் தற்செயலாகக் காதில் விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பதும் உபதேசியாரின் மகனுக்குத் தெரியும். இரண்டும் ஒரே ஞானோபதேசப் புத்தகத்தில் இருந்தன. ஆனால் அந்த ஞாயிறு அவன் பேசாமல் இருந்தது புத்தகத்துக்காக இல்லை. மாப்பிள்ளை அவன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்கு விண்ணரசி வேண்டும். அவ்வளவுதான். சாமியார் வாசித்துவிட்டு எப்போதையும்விடக் கொஞ்ச நேரம் கூடுதலாக நிமிர்ந்து நின்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு கோழி பீடத்தைத் தாண்டிப் போயிற்று.

அதன்பின் நாற்பத்தேழு வருடம். குறை சொல்ல ஒன்றுமில்லை. சமைத்தாள், சிரித்தாள், ரோஸ்லினைப் பெற்றாள், அவர் மின்கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தபோது மூன்று மாதம் தரையில் பாய் போட்டுப் பக்கத்தில் படுத்தாள். கோபம் வந்தால் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைப்பாள். குறை இல்லாததுதான் அவரை உறுத்தியது. சாமியாரின் கேள்விக்கு அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஆளாக நினைத்துப் பார்த்திருக்கிறார். பாட்டுக்குழுவில் ஆர்மோனியம் வாசித்த டேவிட்சன் வாத்தியார் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் நாகப்பட்டினம் மாறிப் போனார். சுனாமியில் அவரும் போய்விட்டார் என்று மறுநாள் செய்தி வந்தபோது ரெமிஜியஸ் அடுப்படி வாசலில் நின்று விண்ணரசியின் முகத்தைத்தான் பார்த்தார். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ என்றாள். கண் கலங்கியது. மறுபடி கல் பொறுக்கினாள். அன்றைக்கு எல்லார் பெயரைக் கேட்டும் கண் கலங்கியது. அதிலிருந்து அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. செத்த மனிதரைப் பற்றிக் கேட்டுவிட்டு மனைவி முகத்தைப் பார்த்தோமே என்பதுதான் மிச்சம்.

தஞ்சாவூர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. படத்தைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார்கள். ஃபெபி வாசலிலேயே காத்திருந்தாள். குட்டையான முடி, கழுத்தில் அடையாள அட்டை. படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

“கால்ல என்ன அங்கிள்?”

“கடப்பாரை.”

“கல்யாணத்தன்னைக்கா?”

“எட்டு நாள் முன்னாடி.”

“நல்லவேளை, தலையில விழல” என்றார் விண்ணரசி. “விழுந்திருந்தா கல்யாணமே நடந்திருக்காது.”

ஃபெபி சிரித்தாள். ரெமிஜியஸ் சிரிக்கவில்லை.

கிடங்குக்குள் முதலில் இருட்டு. பிறகு எங்கோ ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. தரையோரத்தில் வெளுத்தது. சுவர் இருந்த இடங்களில் வயல் வந்தது. அறுத்த வயல், வரப்பு, தொலைவில் ஒற்றைப் பனை. காற்றில் ஈர மண் வாசனை இருந்தது. நடுவில் ஸ்டேஷன் நின்றது. மஞ்சள் பலகை. நாலு இருபது. தண்டவாளத் துண்டு. பெஞ்சின் வலது கையில் கீறல்கூட இருந்தது. படத்தில் அந்தக் கீறல் தெரியும் என்று ஃபெபி சொன்னாள். ஒரு விடியலிலிருந்து ஒரு சாயங்காலம் வரை பன்னிரண்டு நிமிடத்தில் முடியும், கடைசியில் வண்டி வரும், பிறகு மறுபடி விடியும் என்றாள்.

ரெமிஜியஸ் பெஞ்சருகே போனார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெஞ்சில் இடமிருந்து வலம் யார் யார் மண்டியிடுவார்கள் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. முதலில் அப்பா. அடுத்து செவுட்டு அந்தோணி, நாக்கை நீட்ட மறந்து வாயைத் திறந்தபடி இருப்பார். கடைசியில் அம்மா, முக்காட்டுக்குள். அவர்களில் யாரும் இப்போது இல்லை. இந்தப் பெண் அவர்களைப் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் கை வைத்த கீறலைச் செய்து வைத்திருக்கிறாள்.

விண்ணரசி ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலுக்கு நேரே வந்ததும் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். போட்ட பிறகுதான் தெரிந்ததுபோலக் கையை இறக்கினார்.

“பீடம் இங்க இருந்திச்சு” என்றார் ஃபெபியிடம். “அது பாவசங்கீர்த்தனம்.”

“டிக்கெட் கவுன்ட்டரா!” ஃபெபி போனில் குறித்துக்கொண்டாள். “எங்க சபையில அப்படித் தனியா சொல்றதில்ல ஆன்ட்டி. எல்லாரும் சேர்ந்து சொல்லிடுவோம்.”

“சேர்ந்து சொன்னா யாரு பாவம் யாருதுன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

“வசதிதான்.”

விண்ணரசி கவுன்ட்டர் பக்கம் போனார். மரச் சட்டத்தில் கை வைத்தார். அரைவட்ட ஓட்டைக்குள் பார்த்தார். பிறகு குனிந்து கீழே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இந்தச் செவுரு தரையைத் தொடுதே.”

“படத்துல அப்படித்தான் இருக்கு ஆன்ட்டி. ஃப்ரேம் ஃப்ரேமா பாத்துத்தான் செஞ்சோம்.”

“படத்துல தொட்டிருக்கும். கீழ மண்ணு அணைச்சு வெச்சிருந்தாங்க. அவங்க போனப்பறம் சித்திரையில ரெண்டு மழை. மண்ணு கரைஞ்சு போச்சு. ஒரு சாண் எடைவெளி. இந்தக் கடைசியிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும். பூசை நேரத்துல அது வழியாத்தான் கோழி வரும்.”

ஃபெபி ரெமிஜியஸைப் பார்த்தாள். “அங்கிள், அப்படியா?”

“எனக்கு ஞாபகம் இல்லம்மா.”

அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அவர் பின்னால் நின்று வேலை செய்தவர். முட்டுக்கழியைப் பார்த்தார், மேல் சட்டத்தைப் பார்த்தார். அடியில் பார்க்கவில்லை.

“அவருக்கு எப்படித் தெரியும்? ஆம்பளைங்க பக்கவாட்டுல நின்னுக்கிட்டே பாவத்தைச் சொல்லிட்டுப் போயிருவாங்க” என்றார் விண்ணரசி. “நாங்க மண்டி போடுவோம். மண்டி போட்டு, தலையைக் குனிஞ்சா, அந்தப் பக்கம் நிக்கிறவங்க கால் தெரியும்.”

“ஃபாதர் காலா?”

“யாரு காலா இருந்தாலும்.”

சுவரில் பகல் முடிந்துகொண்டிருந்தது. வயல் சிவப்பாயிற்று. எங்கோ கூவும் சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது. அந்த நாற்பது அடித் தண்டவாளத்துக்கு வராத வண்டி சுவரில் வந்தது. ஃபெபி அதைக் காட்டுவதற்காக இருவரையும் திரும்பச் சொன்னாள். ரெமிஜியஸ் திரும்பினார். வண்டியின் வெளிச்சம் முகத்தில் அடித்தது. அவர் எதையும் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ் அய்யம்பேட்டையைத் தாண்டியது. விண்ணரசி ஜன்னலோரம். வெளியே குறுவை நடவு. டிராக்டர் சேறடித்துக்கொண்டிருந்த வயலில் கொக்குகள் பின்னால் நடந்தன. பாபநாசத்தில் பாதி பஸ் இறங்கியது. பக்கத்து சீட் காலியானது. படம் இல்லாத மடியில் ரெமிஜியஸ் வேட்டியை மடித்து வைத்திருந்தார்.

“பாத்தியா?” என்றார்.

“என்னத்தை?”

“அன்னைக்கு.”

“மஞ்சக் கட்டு போட்ட காலு. யாருதுன்னு ஊரைக் கூட்டிக் கேக்கணுமா?”

கண்டக்டர் முன்பக்கமாக நடந்து போனார். ரெமிஜியஸ் அவர் போகும் வரை இருந்தார்.

“தெரிஞ்சுதான் சொன்னியா?”

“மண்டி போட்டப்ப தெரியாது. குனிஞ்சப்ப தெரிஞ்சிச்சு. அப்பறம்தான் சத்தமா சொன்னேன்.” விண்ணரசி ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. “வீட்டுல சொல்ல வாய் வரல. உங்ககிட்ட வந்து சொல்லவும் முடியாது. சரி, காதுல விழட்டும், நீங்களே நிறுத்திருவீங்கன்னு நெனச்சேன். மறுநாள் ஓலை வாசிக்கிறப்ப உங்க முதுகைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“நான் எந்திரிக்கல.”

“எந்திரிக்கல.”

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. மேலே கம்பியில் யாரோ மாட்டியிருந்த பை ஆடியது.

“கோவமா?” என்றார் ரெமிஜியஸ்.

“அப்ப இருந்திச்சு. ரோஸ்லின் பொறக்குற வரைக்கும்னு வெச்சுக்கங்களேன். அப்பறம் எங்க நேரம்?”

ரெமிஜியஸ் அடுத்ததைக் கேட்க வேண்டும். நாற்பத்தேழு வருடமாகக் கேட்க வேண்டியது அது ஒன்றுதான். கேட்டால் பதில் வரும். அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், சாப்பிட வேண்டும், படுக்க வேண்டும். பஸ் கும்பகோணத்துக்குள் நுழைந்துவிட்டது.

“சாமி ஒண்ணு கேட்டாருல்ல?” என்றார்.

“கேட்டாரு.”

“என்ன சொன்னே?”

விண்ணரசி இப்போது திரும்பினார். ரெமிஜியஸின் முகத்தை ஒரு சாமானைப் பார்ப்பதுபோல, எங்கே வைத்தோம் என்று தேடியது கிடைத்த மாதிரி, பார்த்தார்.

“சாமி கேட்டாரு. பதில் சொல்லலாம்னு பாத்தேன். காலைக் காணோம்.”

“வயல் வழியா...”

“தெரியும். நின்னு கேட்டிருக்கணும்.”

“இப்ப சொல்லு.”

“பஸ்ஸுலயா?” அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “அங்க சொன்னது அங்கதான். எறங்குங்க, திருவிடைமருதூர் வண்டி நிக்கிது.”

இரண்டு வாரம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. விண்ணரசி எப்போதும்போல இருந்தார். ரெமிஜியஸ் சுவரின் நீலச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மிச்சமிருந்த பல்லி முட்டையும் உடைந்திருந்தது. திறப்பு விழா அழைப்பு போனில் வந்தபோது விண்ணரசிக்கு மூட்டுவலி, போக வேண்டாம் என்று ரெமிஜியஸே சொல்லிப் பார்த்தார்.

“படத்தைத் திரும்ப வாங்க வேணாமா?” என்றார் விண்ணரசி.

மெரூன் கரை போட்ட சேலையைக் கட்டிக்கொண்டார். பட்டு இல்லை. ஆனால் எடுத்து வைத்துக் கட்டுகிற சேலை.

அன்று கிடங்கு நிறையக் கூட்டம். இளைஞர்கள்தான் அதிகம். பெஞ்சில் உட்கார வரிசை. ஒரு பெண் அதில் உட்கார்ந்து, படத்தில் மகள் உட்கார்வதுபோலக் கையை மடியில் வைத்து, தண்டவாளத்தைப் பார்த்தாள். உடனே அழத் தொடங்கினாள். அவளோடு வந்தவன் போனை இறக்கவில்லை. கவுன்ட்டர் ஓட்டைக்குள் தலையை நுழைத்துப் படமெடுத்தார்கள். கல்யாணப் படம் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கீழே இரண்டு வரி எழுதியிருந்தார்கள். அதன் முன்னால் நின்ற ஒருவன் கட்டுப் போட்ட விரலைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்றுதான் ரெமிஜியஸும் பார்த்தார்.

ஃபெபி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“ஆன்ட்டி, பாத்தீங்களா? ஒரு சாண் அறுத்துட்டோம். இங்கேருந்து அங்க வரைக்கும். டிசைனர் சண்டைக்கு வந்துட்டாரு, படத்துல இல்லையேன்னு. படம் முடிஞ்சப்பறம் ஒன்றரை வருசம் அது கோயிலா இருந்திருக்கு, அந்தக் கணக்குல இதுதான் ஒரிஜினல்னு சொன்னேன்.”

“கோழி விட்டியா?” என்றார் விண்ணரசி.

“அதுக்கு பர்மிஷன் கெடைக்கல ஆன்ட்டி.”

சுவரின் அடியில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. ரெமிஜியஸ் அதையே பார்த்தார். நேராக, ரம்பத்தால் அறுத்த கோடு. அன்று அது நேராக இருந்திருக்காது. மழை கரைத்த இடங்களில் மேடும் பள்ளமுமாக இருந்திருக்கும். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

“பின்னாடி வயரிங் எப்படிப் போட்டிருக்கீங்க?” என்றார் ஃபெபியிடம். “பாக்கலாமா?”

“நீங்க லைன்மேன்ல! வாங்க.”

போகும்போது திரும்பிப் பார்த்தார். விண்ணரசி கவுன்ட்டர் பக்கத்தில் ஓரமாக நின்று, அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபெபி பக்கவாட்டுக் கதவைத் திறந்து விட்டுவிட்டு, யாரோ கூப்பிட்டதும் ஓடினாள். பின்னால் இரும்புச் சட்டங்கள், கேபிள்கள், சின்னச் சின்னப் பச்சை விளக்குகள். ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். டிக்கெட் அறையில் யாரும் இல்லை. ஸ்டூல்கூட இல்லை. சாக்குத் தடுப்பும் இல்லை. அது எந்த இடம் என்று காலடி வைத்து எண்ணிப் பார்த்தார். அங்கே போய் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சிமெண்ட் தரை சில்லென்று இருந்தது. இடது பெருவிரல் நகம் அதன்பின் நேராக வளரவே இல்லை. தடித்து, ஒரு பக்கம் மடிந்திருந்தது.

இடைவெளி வழியாக அந்தப் பக்கத்துக் கால்கள் தெரிந்தன. வெள்ளை ஷூக்கள், கொலுசு, ஒரு குழந்தையின் விளக்கெரியும் செருப்பு. அப்பால் வெளிச்சம் சிவந்துகொண்டிருந்தது. வண்டி வரப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். கால்கள் ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தின் பக்கம் திரும்பின. போயின. கடைசியில் ஒரு ஜோடிதான் மிச்சம் இருந்தது. மெட்டி, மெரூன் கரை.

அவை கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு மரச் சட்டத்தில் வளையல் உரசும் சத்தம். சட்டம் கிரீச்சிட்டது. மூட்டுவலி வந்து ஆறு வருடம். கோயிலில்கூட விண்ணரசி நாற்காலியில்தான் உட்காருகிறார். முதலில் வலது முழங்கால் தரைக்கு வந்தது. மூச்சு விட்டார். பிறகு இடது முழங்கால். சேலைக்கரை தரையில் மடிந்து படிந்தது.

ரெமிஜியஸ் இடது காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, வெளிச்சத்தில் வைத்தார்.